ஸ்டெனோ சம்பளம்: ஏழு கமிஷன்களின் கதை

மலர்க் குழுவினர் "ஏதாவது டெக்னிக்கலா எழுதிக் கொடுப்பா" என்றுதான் கேட்டார்கள். எலெக்ட்ரிகல் படித்தவன் டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயைப் பற்றி நாலு பக்கம் எழுதினால் அதை எத்தனை பேர் படிப்பார்கள் என்பது எனக்கே தெரியும். ஆகவே சம்பளத்தைப் பற்றி எழுதுகிறேன். இன்ஜினீயர் சம்பளம் அல்ல. மத்திய அரசு ஆபீஸ்களில் ஸ்டெனோ, டைப்பிஸ்ட், குமாஸ்தா என்ற பெயர்களில் உட்கார்ந்திருந்தவர்களின் சம்பளம். நம் கல்லூரியில் படித்த எத்தனையோ பேருக்கு செமஸ்டர் ஃபீஸ் அந்தச் சம்பளத்திலிருந்துதான் வந்தது. இப்போது படிக்கும் தம்பி தங்கைகளில் சிலர் எஸ்.எஸ்.சி. பரீட்சைக்குப் படித்துக் கொண்டிருப்பார்கள். அவர்களுக்கும் இது உதவும்.

ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் தெருவுக்கு ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் இருந்தது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு லோயர், ஹையர், கூடவே பிட்மன் ஷார்ட்ஹேண்ட். ஹையர் பாஸ் செய்தவர்கள் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் ஏறி டில்லிக்குப் போனார்கள். கரோல்பாக்கில் தமிழ்க் குரல் கேட்டதற்கு அந்தப் பென்சில்களும் ஒரு காரணம். போகாதவர்கள் சென்னையிலோ திருச்சியிலோ ஏதோ ஒரு மத்திய அரசு ஆபீஸில் சேர்ந்தார்கள். இரண்டு பேரும் படித்தது ஒரே இன்ஸ்டிட்யூட், ஒரே புத்தகம், ஒரே ஸ்பீடு. சம்பளம் மட்டும் ஒன்றாக இருக்கவில்லை. ஏன் என்ற கேள்விக்குப் பதில் தேடிய கதைதான் இது. ஏழு ஊதியக் குழுக்கள் வந்து போன பிறகும் அந்தத் தேடல் முடியவில்லை.

முதல் குழு 1946-ல் அமைந்தது. தலைவர் சர் சீனிவாச வரதாச்சாரியார். சென்னை உயர் நீதிமன்றத்திலும் பிறகு ஃபெடரல் கோர்ட்டிலும் நீதிபதியாக இருந்தவர். அந்த வருஷம் தபால்காரர்களின் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. 1947-ல் வந்த அறிக்கை கடைநிலை ஊழியருக்குச் சம்பளம் 30 ரூபாய், பஞ்சப்படி 25 ரூபாய், ஆக 55 ரூபாய் என்று வைத்தது. மேல் வரம்பு 2000. இரண்டாவது குழு 1957-ல், நீதிபதி ஜெகன்னாததாஸ் தலைமையில். குறைந்தபட்சம் 80 ரூபாய். இதே 1957-ல்தான் இந்தியத் தொழிலாளர் மாநாடு ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு கலோரி உணவு, வருஷத்துக்கு 72 கஜம் துணி, வீட்டு வாடகை, எரிபொருள் என்று கணக்குப் போட்டு, 'தேவை அடிப்படையிலான குறைந்தபட்ச ஊதியம்' என்ற கருத்தைத் தீர்மானமாகப் போட்டிருந்தது. குழுவோ, நாட்டின் பொருளாதாரம் அதைத் தாங்காது என்றது. விளைவு, 1960 ஜூலையில் ஐந்து நாள் நாடு தழுவிய வேலைநிறுத்தம். நேரு அரசு அவசரச் சட்டம் போட்டு அதை முறித்தது.

முறித்த பிறகு யோசித்தார்கள். தெருவில் மோதுவதற்குப் பதில் மேஜையில் மோதலாமே! பிரிட்டனில் முதல் உலகப் போர்க் காலத்தில் விட்லி என்பவர் தலைமையிலான குழு, முதலாளி தரப்பும் தொழிலாளர் தரப்பும் நிரந்தரமாக உட்கார்ந்து பேசும் கவுன்சில்களைச் சிபாரிசு செய்தது. இந்தியத் தொழிலாளர்கள் பற்றிய ராயல் கமிஷனுக்கு 1929-ல் தலைமை தாங்கி இங்கே வந்தவரும் இதே விட்லிதான். அந்த மாதிரியை வைத்து 1966-ல் இங்கே வந்தது ஜே.சி.எம். எனப்படும் கூட்டு ஆலோசனை அமைப்பு. தேசிய கவுன்சிலில் ஊழியர் தரப்புக்கு 60 இடம் வரை, அரசுத் தரப்புக்கு 25. கேபினட் செயலர் தலைவர். பேசியும் ஒத்துவராவிட்டால் நடுவர் மன்றம். ஆனால் சம்பளம் மற்றும் படிகள், வாராந்திர வேலை நேரம், விடுப்பு ஆகிய மூன்று விஷயங்களுக்கு மட்டுமே அந்தக் கதவு திறக்கும். அதுவும் ஒரு வகுப்பு அல்லது கிரேடு முழுமைக்கும்தான். தனி ஆள் குறையைக் கொண்டுபோக முடியாது. தீர்ப்பு இரு தரப்பையும் கட்டுப்படுத்தும், பாராளுமன்றம் மட்டும் அதை மாற்றலாம்.

காகிதத்தில் பார்த்தால் அருமையான டிசைன். முதல் லோடு டெஸ்ட்டிலேயே டிரிப் ஆனது. தேவை அடிப்படையிலான ஊதியத்தை நடுவர் மன்றத்துக்கு அனுப்புங்கள் என்று ஊழியர் தரப்பு கேட்டது, அரசு மறுத்தது, 1968 செப்டம்பர் 19 அன்று ஒரு நாள் அடையாள வேலைநிறுத்தம். மறுபடி அவசரச் சட்டம், கைது, டிஸ்மிஸல், உயிர்ச்சேதம். இருந்தாலும் ஜே.சி.எம். பிழைத்துக் கொண்டது. சும்மா சொல்லக்கூடாது, அதன் மேஜையில் பேசிப் பேசி வாங்கியவை நிறைய. 1973-ல் மூன்றாவது குழு 185 ரூபாய் என்றதை 196 ஆக்கினார்கள். 1997-ல் ஐந்தாவது குழு 2440 என்றதை, வேலைநிறுத்த மிரட்டலுக்கு நடுவே 2550 ஆக்கினார்கள். பழைய சம்பளத்தோடு சேர்க்கும் ஃபிட்மென்ட் 20 சதவீதம் என்றிருந்தது 40 ஆனது. 2008-ல் 6660 என்பது 7000 ஆனது. 2016-ல் மட்டும் 18000-ஐ 26000 ஆக்கக் கேட்டு, ஜூலை வேலைநிறுத்தத்தை மந்திரிகளின் வாக்குறுதியை நம்பித் தள்ளி வைத்தார்கள். 18000 பத்து பைசா கூடக் கூடவில்லை.

இதெல்லாம் எல்லா ஊழியருக்கும் பொதுவான சண்டை. ஸ்டெனோவின் சண்டை வேறு ரகம். 'எவ்வளவு' என்பதைவிட 'யாரோடு சமம்' என்பதுதான் அங்கே கேள்வி.

கடைசல் பட்டறை வேலை தெரிந்தவருக்கு அவர் கைத்திறனை வைத்து கிரேடு போடுவோம். ஸ்டெனோவுக்கு அப்படி இல்லை. அவர் யாரிடம் டிக்டேஷன் எடுக்கிறாரோ அந்த அதிகாரியின் பதவியை வைத்துத்தான் அவருக்கு கிரேடு. செயலருக்கு ஒரு தர ஸ்டெனோ, இணைச் செயலருக்கு ஒரு தரம், அதற்குக் கீழே இன்னொரு தரம். மத்தியச் செயலக ஸ்டெனோகிராபர் சர்வீஸ் என்று தனி சர்வீஸே உண்டு. 1969 விதிகள் அதை 'ஏ' முதல் 'டி' வரை நான்கு கிரேடாக வகுத்தன. 'டி' கிரேடில் நுழைய நிமிஷத்துக்கு 80 வார்த்தை, 'சி' கிரேடுக்கு 100 வார்த்தை. அதற்கு மேல் போக வார்த்தை கணக்கு இல்லை, அதிகாரி கணக்குதான். செயலகத்துக்கு வெளியே, சார்நிலை அலுவலகங்களில், மூன்றாம் கிரேடு, இரண்டாம் கிரேடு, முதல் கிரேடு என்று வேறு ஏணி. அங்கே பெரிய அதிகாரிகள் குறைவு. எனவே ஏணியில் படிகளும் குறைவு.

என் அத்தை ஒருவர் 1975-ல் சென்னையில் ஒரு மத்திய அரசு ஆபீஸில் மூன்றாம் கிரேடு ஸ்டெனோவாகச் சேர்ந்தார். ஸ்கேல் 330-560. அவரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஷார்ட்ஹேண்ட் படித்த தோழி அதே வருஷம் டில்லி செயலகத்தில் 'டி' கிரேடில் சேர்ந்தார். அவருக்கும் 330-560. இதுவரை சமம். அடுத்த படி தோழிக்கு 425-800. அத்தைக்கு அது வந்தால் 425-700. வந்தால்தானே! இரண்டாம் கிரேடு ஸ்டெனோ வைத்துக்கொள்ள உரிமையுள்ள அதிகாரி ஒருவர் அந்த ஆபீஸில் இருந்தார். அந்தப் பதவியை வேறு ஊருக்கு மாற்றியபோது ஸ்டெனோ போஸ்டும் கூடவே போய்விட்டது. அத்தை 17 வருஷம் மூன்றாம் கிரேடிலேயே இருந்தார். "டேய், எனக்கு புரமோஷன் வரணும்னா நான் வேகமா எழுதிப் பிரயோஜனமில்ல, எங்க ஆபீசர் வேகமா மேல போகணும்" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

நான்காவது குழு, நீதிபதி சிங்கால் தலைமையில், 1986-ல் புது ஸ்கேல்களைக் கொடுத்தது. எல்.டி.சி.க்கு 950-1500, யூ.டி.சி.க்கும் நுழைவு நிலை ஸ்டெனோவுக்கும் 1200-2040, செயலக உதவியாளருக்கும் 'சி' கிரேடு ஸ்டெனோவுக்கும் 1400-2600. செயலகத்தில் உதவியாளரும் 'சி' கிரேடு ஸ்டெனோவும் இரட்டை மாட்டு வண்டி. ஒன்றை அவிழ்த்தால் மற்றதும் நிற்கும். அவர்கள் பேசிப் போராடி, 1990 ஜூலை 31 தேதியிட்ட ஓர் அரசாணை மூலம் 1640-2900 வாங்கினார்கள். 1986 ஜனவரி முதல் முன்தேதியிட்டு! அந்த ஒரு தாள் செயலகத்துக்கு வெளியே எத்தனை ஆபீஸ்களில் தூக்கத்தைக் கெடுத்தது என்பதை நிர்வாகத் தீர்ப்பாயத்தின் பழைய தீர்ப்புகளைப் புரட்டினால் தெரியும். 'எங்களுக்கும் அதே தேர்வு, அதே வேலை, முன்பு அதே ஸ்கேல்; இப்போது மட்டும் ஏன் குறைவு?' என்று துறை துறையாக வழக்குப் போட்டார்கள். சிலர் ஜெயித்தார்கள், சிலர் தோற்றார்கள். ஆர்டர் ஒன்று, தீர்ப்பு பல.

கோர்ட் இந்தக் கேள்வியை ஏற்கெனவே சந்தித்திருந்தது. 1982-ல் ரண்தீர் சிங் வழக்கில் டில்லி போலீஸ் டிரைவர் ஒருவருக்கு 'சம வேலைக்குச் சம ஊதியம்' என்ற தத்துவத்தை உச்ச நீதிமன்றம் உயிர்ப்பித்தது. ஊழியர் சங்கங்களுக்குத் தீபாவளி. ஆனால் 1988-ல் கஸ்டம்ஸ், சென்ட்ரல் எக்ஸைஸ் ஸ்டெனோக்களின் சம்மேளனம், செயலகத்தில் உயர் அதிகாரிகளிடம் வேலை பார்க்கும் ஸ்டெனோக்களுக்கு இணையாகச் சம்பளம் கேட்டுப் போனபோது பதில் மாறியது. டிக்டேஷன் எடுப்பதும் டைப் அடிப்பதும் ஒன்றாகவே இருக்கலாம். பொறுப்பிலும் ரகசியம் காப்பதிலும் வித்தியாசம் உண்டு. அதைக் கணக்கில் எடுத்துச் சம்பளத்தில் வித்தியாசம் காட்டினால் தவறில்லை என்று சொல்லி மனுவைத் தள்ளியது. அதே 1988-ல் அலகாபாத் உயர் நீதிமன்ற பெஞ்ச் செக்ரட்டரிகள் வழக்கில் இன்னும் தெளிவாகச் சொன்னது: எந்தப் பதவி எதற்குச் சமம் என்று எடை போடுவது கோர்ட் வேலையல்ல, ஊதியக் குழு போன்ற நிபுணர் அமைப்பின் வேலை.

இங்கே ஒரு இன்ஜினீயராக எனக்குக் கோபம் வருகிறது. கோர்ட் குழுவைக் கை காட்டுகிறது. குழு சிபாரிசு மட்டும்தான் செய்யும், முடிவு அரசுக்கு. அரசு 'அனாமலி கமிட்டியில் பேசிக்கொள்ளுங்கள்' என்கிறது. கமிட்டியில் ஒத்துவராவிட்டால் நடுவர் மன்றம், அதற்குள் அடுத்த குழு வந்துவிடும், இல்லாவிட்டால் மறுபடி கோர்ட். நான்கு பேரும் அளக்கத் தயார். அளவுகோல் யாரிடமும் இல்லை. ரகசியத்தின் எடை எத்தனை ரூபாய்? வருமான வரி ரெய்டுக்கு முந்தின நாள் உத்தரவை டைப் அடிக்கும் ஸ்டெனோ காக்கும் ரகசியம், மந்திரியின் சுற்றுப்பயண நிகழ்ச்சியை டைப் அடிப்பவர் காக்கும் ரகசியத்தைவிடக் குறைந்ததா? பட்டறையில் இப்படி ஒரு கேஜ் இல்லாமல் ஷாஃப்ட் கடைந்தால் ஃபோர்மன் நம்மை வெளியே அனுப்பிவிடுவார்.

ஐந்தாவது குழுவின் தலைவர் நீதிபதி எஸ். ரத்தினவேல் பாண்டியன், நம் திருநெல்வேலிச் சீமைக்காரர். 1994-ல் அமைந்து 1997 ஜனவரியில் அறிக்கை தந்தது. 51 ஸ்கேல்களை 34 ஆகக் குறைத்தது. ஆட்களையும் பத்து வருஷத்தில் 30 சதவீதம் குறைக்கச் சொன்னது. சம்பளத்தைக் கொடுத்த வேகத்தில் ஆட்குறைப்பை யாரும் செய்யவில்லை என்பது வேறு கதை. செயலகத்துக்கு வெளியே உள்ள ஸ்டெனோக்கள் இந்தக் குழுவை மிகவும் நம்பினார்கள். குழுவோ முழுச் சமநிலைக்கு ஒப்பவில்லை. செயலகத்துக்கு இருந்து வந்த மேல்நிலையை வைத்துக்கொண்டது. செயலகத்தில் 5500-9000, வெளியே 5000-8000. ஒரு நன்மை நடந்தது. புரமோஷனே இல்லாமல் தேங்கிக் கிடந்தவர்களுக்கு 12 வருஷத்தில் ஒன்று, 24 வருஷத்தில் ஒன்று என்று ஸ்கேல் உயர்வு தரும் ஏ.சி.பி. திட்டம் 1999-ல் வந்தது. 2008-ல் அது 10, 20, 30 வருஷம் என்று மாறியது. பதவிப் பெயர் மாறாது, பணம் மாறும். என் அத்தை மாதிரி ஆட்களைக் கரையேற்றியது சமநிலைத் தீர்ப்பு எதுவும் இல்லை, இந்தத் திட்டம்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கால்குலேட்டரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு குழுவிலும் செயலக உதவியாளரின் ஆரம்பச் சம்பளத்தை எல்.டி.சி.யின் ஆரம்பச் சம்பளத்தால் வகுத்துப் பார்த்தேன். இரண்டாவது குழுவில் 210-ஐ 110-ஆல் வகுத்தால் 1.91. மூன்றாவதில் 425-க்கு 260, அதாவது 1.63. நான்காவதில் 1400-க்கு 950, 1.47 ஆக இறங்குகிறது. அடேயப்பா, சமத்துவம் வருகிறதே என்று நினைக்கும்போது 1990 ஆணை வந்து 1640 ஆக்க, 1.73. ஐந்தாவதில் 5500-க்கு 3050, 1.80. ஏழாவதில் செயலக உதவியாளருக்கு 44900, எல்.டி.சி.க்கு 19900: 2.26. வெளி ஆபீஸில் அதே நிலைக்கு 35400 என்று எடுத்தால் 1.78. முப்பது வருஷம் இறங்கிய கோடு, மேஜையில் யார் உட்கார்ந்து பேசினார்களோ அவர்கள் பக்கம் மட்டும் ஏறியிருக்கிறது. எல்.டி.சி.க்கு டைப்பிங் டெஸ்ட் உண்டு. தேறாவிட்டால் வேலையே இல்லை. மேலே உள்ள உதவியாளருக்கு முன்பெல்லாம் அது கிடையாது. பேசத் தெரிந்த கேடருக்கும் டைப் அடிக்கத் தெரிந்த கேடருக்கும் உள்ள தூரம் இந்த எண்களில் இருக்கிறது என்பது என் கட்சி. செயலக நண்பர்கள் சண்டைக்கு வரலாம். ரீயூனியன் மதியச் சாப்பாட்டில் வைத்துக்கொள்வோம்.

அவர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. செயலகத்தில் ஃபைல் கொள்கை முடிவாகும் இடத்தில் இருக்கிறது. அதைக் கையாள்பவர் நேரடித் தேர்வில் பட்டதாரியாக வருகிறார். நேரம் காலம் கிடையாது. இந்த வாதத்தை அவர்கள் ஒவ்வொரு குழுவிலும் மெமோராண்டமாகவும் நேரில் சாட்சியமாகவும் அழகாக வைத்தார்கள். டில்லியிலேயே இருப்பது இன்னொரு வசதி. திருச்சியிலிருக்கும் ஸ்டெனோ சங்கம் குழுவின் முன் சாட்சி சொல்ல வேண்டுமானால் முதலில் ரயில் டிக்கெட்டுக்கு வசூல் செய்ய வேண்டும்.

இனி நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2006 செப்டம்பரில் செயலக உதவியாளரையும் பி.ஏ.க்களையும் 6500-10500-க்கு உயர்த்தினார்கள். நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா தலைமையிலான ஆறாவது குழு 2008-ல் 5000, 5500, 6500 என்று ஆரம்பிக்கும் மூன்று ஸ்கேல்களையும் ஒன்றாக்கி, எல்லோருக்கும் கிரேடு பே 4200 என்றது. செயலகமும் வெளி ஆபீஸும் சமமாக இருக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே எழுதியது. அத்தை அன்று ஸ்வீட் வாங்கி வந்தார். 2009 நவம்பரில் செயலகத்துக்கு மட்டும் 4600 ஆக்கி ஆணை வந்தது. ஸ்வீட் செரிக்கக்கூட நேரம் கொடுக்கவில்லை. நீதிபதி மாத்தூர் தலைமையிலான ஏழாவது குழு 2015-ல் சமநிலையை மறுபடி வலியுறுத்தியது. செயலகம் ஏழாம் லெவலிலும் மற்றவர்கள் ஆறாம் லெவலிலும்தான் நின்றார்கள். குழு சமன் செய்வதும், அடுத்த வருஷமே ஒரு தாள் வந்து ஒரு படி ஏற்றுவதும் வழக்கமாகிவிட்டது.

இதற்கிடையில் வேலையே மாறிவிட்டது. அதிகாரிகள் தாங்களே கம்ப்யூட்டரில் டைப் அடிக்கிறார்கள். டைப்ரைட்டர் தயாரிப்பும் நின்று வருஷங்கள் ஆயிற்று. ஆனாலும் எஸ்.எஸ்.சி. ஸ்டெனோ தேர்வு நடக்கிறது. 'டி' கிரேடுக்கு 80 வார்த்தை, பத்து நிமிஷ டிக்டேஷன், ஆங்கிலத்தில் எடுத்தால் 50 நிமிஷத்தில் கம்ப்யூட்டரில் அடித்துத் தர வேண்டும். எழுதப் போகும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்லலாம். செலக்ஷன் வந்ததும் எந்த ஆபீஸ் என்று விருப்பம் எழுதச் சொல்வார்கள். ஊருக்குப் பக்கம் என்பதை மட்டும் பார்க்காமல், அங்கே மேலே எத்தனை படி இருக்கிறது என்று விசாரித்து எழுதுங்கள்.

அத்தை 2013-ல் முதல் கிரேடு ஸ்டெனோவாக, கிரேடு பே 4200-ல் ரிடையர் ஆனார். தோழி டில்லியில் பிரைவேட் செக்ரட்டரியாக, 4800-ல். இதோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். 2017-ல் வந்த ஆணைப்படி, 2016-க்கு முன் ரிடையர் ஆனவர்களின் பென்ஷன், அவர்கள் கடைசியாக இருந்த கிரேடுக்கு ஒவ்வொரு குழுவிலும் என்ன சம்பளம் வந்திருக்கும் என்று கணக்கிட்டுத் திருத்தப்பட்டது. அதாவது ஒருவருக்கு ஆறாம் லெவல், அது 35400-ல் ஆரம்பம். இன்னொருவருக்கு எட்டாம் லெவல், 47600-ல் ஆரம்பம். அவர்களுக்குப் பின் குடும்ப பென்ஷன் வாங்குபவருக்கும் இதே கணக்குதான் தொடரும்.

எட்டாவது குழு நீதிபதி ரஞ்சனா பிரகாஷ் தேசாய் தலைமையில் 2025-ல் அமைந்திருக்கிறது. அத்தையின் ஃபிக்ஸேஷன் ஆர்டர்களை, 1975-ல் போட்ட முதல் தாளிலிருந்து, வரிசையாக ஸ்கேன் செய்து வைத்திருக்கிறேன். "எதுக்கும் ஒரு ஜெராக்ஸும் எடுத்து வைடா, அவங்க கம்ப்யூட்டர நம்பாத" என்று சொல்லியிருக்கிறார்.